படிக்கிறவள் பலகை

பொம்மை ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, "கதை படிச்சதப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று கேட்டீர்கள். நான் டீயைக் குடித்தேன், பிஸ்கட்டைத் தின்றேன், "நல்லா வேலை செய்யுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் வெட்கம் போகவில்லை. எனக்குப் பேச வராது. கண் முன்னால் அச்சடித்த எழுத்து இருந்தால்தான் என் வாயிலிருந்து சத்தம் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன், எழுதவும் செய்வேன். அதனால் சொல்ல வேண்டியதை எழுதியே தருகிறேன். உங்களில் ஒருத்தி படியுங்கள். மற்றவர்கள் கை வேலையை நிறுத்தாமல் கேளுங்கள்.

அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் தெரிகிற கோட்டைச் சுரண்டுவது, ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது, இதெல்லாம் உங்களுக்குக் கை பழகிவிடும். அதை நான் சொல்லித் தரப் போவதில்லை. வேலைக்கு நடுவே எல்லோருக்கும் கதை படித்துக் காட்டுவதைத்தான் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

முதலில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளை நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த புத்தகத்தில் பொம்மை செய்கிற வெள்ளைக் களிமண்ணின் கறை பட்டுவிட்டது என்று நூலகர் ஒருமுறை என்னை நிற்க வைத்துக் கேட்டார். "இது புக்காம்மா, சுவராம்மா?" என்றார். அதிலிருந்து, படிக்கிறவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டும், படித்து முடிக்கும்வரை மண்ணைத் தொடக் கூடாது, மண் கையோடு வேறு யாரும் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று வைத்துக்கொண்டோம். நமக்கோ பொம்மைக்கு இவ்வளவு என்று கூலி. படிக்கிறவள் கை சும்மா இருந்தால் அவள் கூலி போச்சு. அதனால் கேட்கிற ஒவ்வொருத்தியும் தான் முடித்த பொம்மையில் ஒன்றை எடுத்துப் படிக்கிறவள் பலகையில் வைப்பாள். கதை பிடித்தாலும் வைப்பாள், பிடிக்காவிட்டாலும் வைப்பாள். யார் வைத்தது, யார் வைக்காதது என்று பார்க்க மாட்டோம். பார்க்காமலேயே தெரியும்.

ஆரம்பத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள்தான் படித்தேன். அதில் வருகிறவர்கள் மனசில் இருப்பதை அப்படியே எடுத்துப் பேசுவார்கள். "உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்" என்று தொடங்கி, சொல்லி, அழுது, மன்னிப்பு வாங்கி முடிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். டீ வந்ததும் மறந்துவிடும்.

ஒருநாள் நூலகத்தில் அந்தப் புத்தகமெல்லாம் வெளியே போயிருந்தது. மெலிதாக ஒரு தொகுப்பு கிடந்தது. நவீனச் சிறுகதைகள் என்று அட்டையில் போட்டிருந்தது. கொண்டுவந்து படித்தேன். முதல் கதையில் ஒரு குமாஸ்தா முடி வெட்டிக்கொள்ள உட்காருகிறான். வெயில், விசிறி, கண்ணாடியில் தெரிகிற தெரு, இப்படியே போகிறது. கடைசியில் அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே முடி வெட்டுகிறவரிடம், "அப்பா செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை" என்கிறான். அவர், "தலையைக் கொஞ்சம் குனியுங்கள்" என்கிறார். அவ்வளவுதான் கதை.

மங்கலம்பேட்டையிலிருந்து வேலைக்கு வருகிற ரகமத்து கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டாள். ஷெட்டில் சிரிப்புக்கும் வம்புக்கும் அவள்தான் பொறுப்பு.

"இதக் கேக்கவாடி நான் பஸ்ஸு ஏறி வந்தேன்? அவன் என்னா ஆனான்? அடுத்த பக்கத்தப் பாரு தனம், இருக்கும்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பக்கத்தைத் திருப்பி, அங்கே இருப்பதுபோல நானாக ஒன்று படித்தேன். குமாஸ்தா விம்மி அழுதான், முடி வெட்டுகிறவர் துண்டால் அவன் கண்ணைத் துடைத்து, அப்பா மேலே இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். எல்லோருக்கும் திருப்தி. ரகமத்து மறுபடி பொம்மையைக் கையில் எடுத்தாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்கா மட்டும் தலையைத் தூக்காமல் பேசினார்.

"அது புக்குல இல்ல."

"உனக்கு எப்படிக்கா தெரியும்? நீ எழுத்தே பாத்ததில்லயே" என்றாள் ரகமத்து.

"எழுத்து எதுக்குடி? புக்கு படிக்கறப்ப இவ எச்சி முழுங்க மாட்டா. வாய்க்கா தண்ணியாட்டம் ஓடும். இப்ப ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா முழுங்குனா." பிறகு என்னிடம், "அவன் அழுவலங்கறதுதான் கதையே. நீ எதுக்கு அவன அழ வெச்ச? பாவம், சொல்லிட்டு நிம்மதியா முடி வெட்டிக்கிட்டு இருந்தான்" என்றார்.

அத்தோடு விடவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குமாஸ்தா வந்து உட்கார்ந்துகொண்டான். பெண்டாட்டியிடம் சொல்லாததை முடி வெட்டுகிறவரிடம் ஏன் சொன்னான் என்று ஒரே வழக்கு. அஞ்சலை அக்காதான் தீர்ப்புச் சொன்னார். "பொண்டாட்டிகிட்ட சொன்னா சோறு போடறப்பல்லாம் ஞாபகம் வெச்சிருந்து கேப்பா. முடி வெட்டுறவரு முடியோட சேத்துக் கூட்டித் தள்ளிட்டுப் போயிடுவாரு."

எனக்கு அதுவரை அப்படித் தோன்றியதில்லை. அதன்பிறகு இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கும்போது அதைத்தான் கவனித்தேன். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் இந்த ஜனங்கள் சொல்வதில்லை. வழியில் பார்த்தவரிடம், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போகிறவரிடம் சொல்வார்கள். கத்தரிக்காய் விலையைப் பேசிக்கொண்டே இருந்து நடுவில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, மறுபடி கத்தரிக்காய்க்குப் போய்விடுவார்கள். அந்த இடம் வரும்போது குரலை உயர்த்தினால் கெட்டுவிடும். கத்தரிக்காயைப் படித்த மாதிரியே அதையும் படித்துவிட்டுப் போக வேண்டும். கேட்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், அந்தச் சமயம் நாங்கள் யானை பொம்மை செய்துகொண்டிருந்தோம். பச்சை மண்ணில் தும்பிக்கையைப் போல ஒடிகிற பொருள் வேறு கிடையாது. கதையில் உயிர் உள்ள இடம் வந்தால் எங்காவது ஒரு தும்பிக்கை ஒடியும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒடிந்த யானை திரும்பவும் மண் தொட்டிக்குப் போகும். சூளைக்குப் போகாதவரை எதுவும் வீண் இல்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அஞ்சலை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் கஸ்தூரி. அவருடைய மருமகள். நல்லூர்ப் பெண். இரண்டும் பெண் குழந்தைகள், சின்னது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே தூக்கில் சோறு கொண்டுவந்து, ஒரே பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அஞ்சலை அக்கா அவளை எதற்கெடுத்தாலும் திட்டுவார். ஸ்பாஞ்சை ஏன் இப்படிப் பிழிகிறாய், பலகையை ஏன் அங்கே வைத்தாய் என்று. அவள் "சரிங்கத்த" என்பதோடு சரி.

மாதம் தவறாமல் கிருத்திகைக்கு லீவு போட்டுவிட்டு இருவரும் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவார்கள். அங்கே குறையைப் பிராதாக எழுதிச் சாமிக்குக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். பேரன் வேண்டும் என்று அஞ்சலை அக்கா பிராது கட்டியிருந்தார். அதை ஊரெல்லாம் சொல்வார்.

"சாமி இன்னும் கண்ணத் தொறக்கல."

"தொறந்துதான்க்கா இருக்குது. ரெண்டு லட்சுமிய குடுத்திருக்குல்ல" என்பாள் ரகமத்து.

"உன்ன யாரு கேட்டா? நீ தும்பிக்கையப் பாரு."

அஞ்சலை அக்காவின் மகன், கஸ்தூரியின் புருஷன், ஜங்ஷன் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டினான். ஒருநாள் பகலிலேயே குடித்துவிட்டு ஷெட் வாசலில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த வருசம் பாப்பேன். இல்லன்னா அவள நல்லூர்ல கொண்டுபோய் வுட்டுட்டு வேற வழி பாத்துக்கறேன்" என்றான். கஸ்தூரி யானையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அஞ்சலை அக்கா எழுந்து போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

"சாமிகிட்ட கேட்டிருக்குதுடா. சாமி பாக்கற வேலைய நீ ஏன் பாக்கற? போ, போய் வண்டிய எடு."

அவன் போய்விட்டான். நாங்கள் எல்லாம் மனசுக்குள் அஞ்சலை அக்காவைத்தான் திட்டினோம். பேரன் பேரன் என்று இந்தப் பெண்ணைக் கோயில் கோயிலாக இழுக்கிறாரே என்று. ரகமத்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது வாய்விட்டே சொன்னாள், "அந்தக் கெழவிக்கு நெஞ்சுல களிமண்ணுதான்டி இருக்குது."

அதற்குச் சில நாள் கழித்து ஒரு கதை படித்தேன். ஒரு பெண் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். பஸ் வருகிறது, போகிறது, அவள் ஏறவில்லை. கடலை விற்கிறவன் வந்து, "எந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்கிறான். அவள் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, "இன்னும் பஸ் வரவில்லை" என்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பஸ் புறப்படுகிறது. கதை முடிந்தது. இடது பக்கத்தின் அடியில் கடைசி வரி இருந்தது, வலது பக்கத்தில் வேறொரு கதையின் தலைப்பு.

அஞ்சலை அக்கா அப்போது அங்கே இல்லை. முடிந்த பலகைகளை வெயிலில் வைக்க வெளியே போயிருந்தார்.

ரகமத்து தொடங்கினாள். "அந்தக் கடலக்காரன்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? அவன் யாரோ எவனோ. நம்ம குமாஸ்தா சொன்னானே."

"சொல்ல முடியாதுக்கா" என்றாள் கஸ்தூரி. கதையைப் பற்றி அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன்?"

"சொன்னா அது நெசமாயிடும். சொல்லாத வரைக்கும் அவளும் எல்லாரு மாதிரிதான் இருக்கா."

"அப்படி என்னா பண்ணிட்டாளாம்?"

"அவளுக்கு ரெண்டும் பொண்ணா இருக்கும்."

"கதையில புள்ளைங்களே வரலயேடி."

"இருக்கும்" என்றாள் கஸ்தூரி. கையிலிருந்த யானையை வைக்கவில்லை, துடைக்கவும் இல்லை. "ரெண்டாவது பொறந்தப்ப ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும். பொழைச்சதே பெருசுன்னு டாக்டரம்மா சொல்லியிருப்பாங்க. இனி புள்ள வேணாம்னு இவ அங்கயே காப்பர்-டி போட்டுக்கிட்டிருப்பா. வூட்டுக்காரன்கிட்ட கேக்கல. அவன் வாசல்ல நின்னுக்கிட்டு, பொண்ணான்னு கேட்டுட்டு உள்ளயே வராமப் போயிட்டான். அப்பறம் மாசாமாசம் கோயிலுக்கு இட்டுக்கிட்டுப் போவாங்க. சாமி முன்னாடி நிக்கறப்ப எனக்கு என்னா வேண்டிக்கறதுன்னே தெரியாது. இன்னொன்னு பெத்தா நான் செத்துடுவேன், அதான் போட்டுக்கிட்டேன்னு சாமிகிட்ட கூடச் சொன்னதில்ல."

அந்தப் பெண் எந்த இடத்தில் கஸ்தூரியாக மாறினாள் என்று எங்கள் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தபோது எல்லோர் கையும் நின்றிருந்தது. வாசல் பக்கம் வெளிச்சம் மறைந்தது. திரும்பிப் பார்த்தேன். வெறும் பலகையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலை அக்கா நின்றிருந்தார்.

"யாருடி போட்டுக்கிட்டது?"

எப்போதும் வாய் ஓயாத ரகமத்துகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். கஸ்தூரியின் முகத்தை நான் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். யானையை ஒரு குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இது அவள் புருஷன் காதுக்குப் போனால் அன்று சாயங்காலமே இரண்டு பெண்ணோடு நல்லூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"கதையில வர்ற பொம்பளக்கா" என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"படி, கேப்போம்" என்று அஞ்சலை அக்கா பலகையைச் சுவரில் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

பிள்ளைகளே, வாழ்க்கையில் நாலு பேர் நடுவில் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியறியாதவள் நான். கல்யாண வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். அன்றைக்குப் புத்தகத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கதையின் தலைப்பு தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். கஸ்தூரி பேசிய பேச்சைப் புத்தகப் பேச்சாக மாற்ற வேண்டியிருந்தது.

"'எனக்கு இரண்டு பெண்கள் என்று அவள் கடலைக்காரனிடம் சொன்னாள். இன்னொன்று வேண்டாம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்கவில்லை. நானே போட்டுக்கொண்டேன். அதன்பிறகு என் வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். வராத ஒன்றுக்காக அவர்கள் காத்திருப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் எந்த பஸ்ஸிலும் என்னால் ஏற முடியவில்லை. கடலைக்காரன் மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்தான்.'"

எத்தனை தடவை எச்சில் விழுங்கினேன் என்று எனக்குத் தெரியும். விழுங்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

அஞ்சலை அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு மாமியா இருக்காளா?"

"இருக்காங்க."

"அவ என்னா பண்ணா?"

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என் வாயில் அப்போது இரண்டு வாக்கியம் தயாராக இருந்தது. மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று படிக்கலாம். தொடர்கதையில் அப்படித்தான் வரும். ஆனால் அது அஞ்சலை அக்காவின் காலில் விழுந்து கெஞ்சுகிற மாதிரி. கெஞ்சினால் அவர் எழுந்து போய்விடுவார். மாமியார் மகனிடம் சொல்லிவிட்டாள், வீடே இடிந்தது என்றும் படிக்கலாம். அது மிரட்டுகிற மாதிரி. மிரட்டினால் அவர் செய்து காட்டுவார். எதைச் சொன்னாலும் அது என் ஆசை, இல்லாவிட்டால் என் பயம். அந்த மாமியார் என்ன செய்வாள் என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. குமாஸ்தாவை நான் அழ வைத்தது நினைவுக்கு வந்தது.

"அது எழுதலக்கா" என்றேன். "அதோட வுட்டுட்டாங்க."

"எழுதலயா?"

"இல்ல."

"எப்படித் தெரியும் உனக்கு? நீ இன்னும் பக்கத்தத் திருப்பவே இல்லயே."

அவ்வளவையும் படித்திருக்கிறேன், பக்கம் திருப்ப மறந்திருக்கிறேன்.

அஞ்சலை அக்கா முந்தானையில் ஒரு விரலைத் துடைத்தார். சரியாகக்கூடத் துடைக்கவில்லை. கையை நீட்டி என் கையிலிருந்த புத்தகத்தின் தாளைப் பிடித்துத் திருப்பினார். மண் கையோடு புத்தகத்தைத் தொடக் கூடாது என்று எல்லோரையும் அதட்டுகிறவர் அவர்தான்.

"இங்க இருக்கும் பாரு."

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். என்னால் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை.

"உனக்குக் கண்ணு மங்கிப் போச்சாட்டம் இருக்குது" என்றார். "வுடு, நான் சொல்றேன் என்னா போட்டிருக்குன்னு."

அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. கஸ்தூரியையும் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த யானைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த மாமியாளுக்கு அது அன்னிக்கே தெரியும். ஆஸ்பத்திரியில தொணைக்கு இருந்தவ அவதான. மருமவ மயக்கத்துல கெடந்தா. நர்ஸம்மா வெளிய வந்து, இப்படிப் போட்டிருக்குதும்மா, ஒடம்பு தேறட்டும், பாத்துக்கங்கன்னு அவகிட்டதான் சொல்லிட்டுப் போனாங்க. அவளும் பெத்துப் பெத்து ஓஞ்சவதான். அவளுக்கு யாரு போட்டு வுட்டா? சரின்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டா."

ரகமத்து மெதுவாகக் கேட்டாள். "தெரிஞ்சா அப்பறம் எதுக்குக்கா மாசாமாசம் கோயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போறா அவ?"

"புள்ள இல்லன்னா ஒருத்தர் மேல பழி வுழுந்துதான ஆவணும்? மருமவ மேல வுழுந்தா அவன் கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடுவான். அதான் கொண்டுபோய் சாமி மேல போட்டா. சாமிய அவனால என்னா பண்ண முடியும்? பிராது குடுத்திருக்கு, சாமி பாக்கும்னு சொல்லிச் சொல்லி வருசத்தத் தள்ளிட்டா. சாமிக்கு என்னா, அது எத்தனையோ பழியப் பாத்திருக்கு. கோச்சுக்காது."

"தெரியும்னு மருமவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. பாவம், அவ ஒண்டியா..."

அஞ்சலை அக்காவின் விரல் இன்னும் பக்கத்தின் மூலையிலேயே இருந்தது.

"சொன்னா ரெண்டு பேரும் சேந்து அவன ஏமாத்தற மாதிரி ஆயிடும்ல. அவன் குடிகாரனா இருந்தாலும் பெத்தவளாச்சே அவ. தெரியாத மாதிரி இருந்தா, ஏமாத்தலன்னு சொல்லிக்கலாம். தெனம் ராத்திரி அப்படித்தான் சொல்லிக்கிட்டுப் படுப்பா. அவளுக்கும் பஸ்ஸு வரல, என்னா பண்றது."

எங்கேயோ ஒரு தும்பிக்கை ஒடிந்தது. கஸ்தூரியுடையது இல்லை. அவள் பிடித்திருந்த யானை முழுசாக இருந்தது. அதை ஸ்பாஞ்சால் ஒருமுறை, காதுக்குப் பின்னால் எல்லாம் விடாமல் துடைத்தாள். எழுந்தாள். அதை என் பலகையில்தான் வைக்கப் போகிறாள் என்று நினைத்து நான் பலகையை நகர்த்தினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், மூலையில் அஞ்சலை அக்காவின் பலகையில் அந்த யானையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அஞ்சலை அக்கா அதைப் பார்த்தார்.

"என்னாத்துக்குடி எனக்கு வெக்கிற? நானா படிச்சேன்?"

"ஆமாங்கத்த" என்றாள் கஸ்தூரி.

ரகமத்தும் எழுந்து போய் ஒன்று வைத்தாள். "இவ படிச்சதவிட நீ படிச்சதுதான்க்கா நல்லா இருந்துச்சு. இனிமே நீயே படி" என்றாள். அப்போதுதான் எல்லோரும் மூச்சு விட்டோம், சிரித்தோம். அஞ்சலை அக்கா, "போங்கடி, போய் வேலையப் பாருங்க. கஸ்தூரி, அந்த ஸ்பாஞ்ச இப்படியா பிழிவ?" என்று எப்போதும்போலத் திட்டத் தொடங்கினார்.

அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியாது. நாங்களும் பேசவில்லை. அடுத்த கிருத்திகைக்கும் கோயிலுக்குப் போனார்கள். ஒரே வித்தியாசம், அதுவரை மாமியாருக்குப் பின்னால் குனிந்துகொண்டு போனவள் அன்றைக்குத் தேங்காய்ப் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கஸ்தூரியின் புருஷனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் சாமி மேல் குறைப்பட்டுக்கொண்டே வண்டி ஓட்டினான். அந்த இரண்டு பெண்களில் பெரியவள் இப்போது காலேஜ் போகிறாள்.

உங்கள் ஷெட்டில் போனில் கதை போட்டுக் கேட்கிறீர்கள் என்று சொன்னீர்கள். கேட்டுப் பார்த்தேன், அழகாகத்தான் படிக்கிறார்கள். எனக்கு அப்படி ஏற்ற இறக்கமெல்லாம் வராது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு கதை முடிந்ததும் அந்தப் போன் மூச்சு விடாமல் அடுத்த கதைக்குப் போய்விடுகிறது. அதை நிறுத்துங்கள். கதையில் வருகிறவர் தன்னைப் பற்றிச் சொல்லாமல் விட்ட இடத்தை நீங்களாக நிரப்பிவிடாதீர்கள், அது என்னவென்று விளக்கவும் செய்யாதீர்கள். நம்மில் யாருக்கு அந்த இடம் வேண்டியிருக்கிறதோ தெரியாது. யாராவது ஒருத்தி, அவள் இப்படி நினைத்திருப்பாள் என்று தொடங்கினால், கதையில் அப்படி இல்லையே என்று மறுக்காதீர்கள். உனக்கு நடந்ததா என்றும் கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டிருங்கள், அது போதும்.

அந்தப் புத்தகத்தை நான் பயந்துகொண்டேதான் திருப்பிக் கொடுத்தேன். நூலகர் மூலையிலிருந்த மண் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். இப்போதும் அங்கே அலமாரியில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக் கதைக்கு அடுத்த பக்கத்தின் மூலையில் வெள்ளையாக ஒரு விரல் தடம் இருக்கும். எடுத்து வந்து படியுங்கள். எழுதியிருப்பதை மட்டும் படியுங்கள். பஸ் புறப்பட்டதும் நிறுத்திவிட்டு, உடனே பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள். யாராவது முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.